பெற்றோர் கையொப்பம்

ரேங்க் கார்டுல எனக்குன்னு விட்டிருக்கறது
ஒரு விரல் அகலக் கட்டமுங்க டீச்சர்.
ஈஸ்வரின்னு எழுதறதுக்குள்ள
கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போகுது.
மிச்சத்தை இந்தக் காயிதத்துல எழுதறேன்.

ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி
பள்ளிக்கூடத்துக் கூரை
நாலாம் வகுப்பு பெஞ்சு மேல விழுந்துச்சு.
திங்கக்கிழமை பூட்டு. சீல்.
வேற எடம் பாக்கறோம்னாங்க.
பாத்துக்கிட்டே இருந்தாங்க.
கடைசியில கெடச்சது
நாச்சிமுத்தண்ணன் தறிக்கூடத்துல
பழைய பாவு அடுக்கியிருந்த பாதி.
மறுபாதியில பன்னெண்டு தறி.
நடுவுல ஒரு செவுரு, அதுவும் ஆள் உசரந்தான்.

அந்தப் பன்னெண்டுல நாலு நான் ஓட்டறது.

நீங்க பாடம் நடத்துனீங்க.
உங்க குரலு மேல நான் துணி நெஞ்சேன்,
மீட்டருக்கு இத்தனைன்னு கூலிக்கு.

மொதல் வாரம் கத்திப் பாத்தீங்க.
ரெண்டாம் வாரம் சொந்தக் காசுல
இடுப்புல கட்டிக்கற மைக் ஒண்ணு.
மூணாம் வாரம் அதுக்குள்ள பஞ்சு போயி
அதும் இருமுச்சு.
ஃபிளாஸ்குல உப்புத்தண்ணி கொண்டுவந்து
மத்தியானத்துல வேலியோரம் கொப்பளிப்பீங்க.
நான் தார் மாத்திக்கிட்டே சன்னல்ல பாப்பேன்.
தறியை நிறுத்தோணும்னு தோணலீங்க.
தோணாதுன்னு இல்ல,
தோண உடமாட்டேன்.

ஒருநா சோத்து நேரத்துல வந்து கேட்டீங்க,
‘ஏனுங்க, இந்தச் சத்தத்துல
நீங்கல்லாம் எப்படிப் பேசிக்கறீங்க?’
ஒதட்டைப் பாப்போம். கையைக் காட்டுவோம்.
இழை அறுந்தா ரெண்டு விரல்.
டீ வந்தாச்சுன்னா சுண்டுவிரல் ஒதட்டுக்கு.
தார் தீந்துபோயி பக்கத்துத் தறியில கடன் கேட்டா
உள்ளங்கையை இப்படி மடக்கி இழுக்கறது.
சிரிச்சுக்கிட்டே ரெண்டு தடவை செஞ்சு பாத்தீங்க.

அடுத்த வாரம் ஊட்டுல எம் பையன் பிரணேசு
கணக்குப் போடறான்.
அம்பத்திரண்டுல பதினேழு போகோணும்.
ரெண்டுல ஏழு போகாது.
உள்ளங்கையை மடக்கிப்
பக்கத்து வீட்டு அஞ்சைப் பாத்து இழுத்தான்.
கடன் வாங்கிக் கழித்தல்!
போன வருசம் பூராவும் அழுத கணக்கு.
நான் அடுப்பை அணைச்சுட்டு
சித்த நேரம் சும்மா நின்னேன்.

பங்குனியில முழுப் பரீச்சை.
டீச்சருக்கு ஏதாச்சும் செய்யோணும்னு பேச்சு வந்துச்சு.
சால்வைன்னாங்க. குத்துவெளக்குன்னாங்க.
பேரு பொறிச்ச கேடயம், காரணம்பேட்டையில சல்லிசுன்னாங்க.
ராசாமணியக்காதான் கேட்டுச்சு,
‘அந்தம்மாளுக்கு இப்ப என்ன வேணும்?’
யாரும் பேசல.
தறிதான் பேசிக்கிட்டிருந்துச்சு.

சொல்வதை எழுதுதல். பத்து வார்த்தை.
பத்தரை மணிக்குப்
பன்னெண்டு தறியும் பொட்டாட்டம் நின்னுச்சு.
அரை மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர்னு எனக்குத் தெரியும்.
நாச்சிமுத்தண்ணனுக்கு இன்னும் நல்லாத் தெரியும்.
அவரு வெளிய போயி
அடிக்காத போனைக் காதுல வெச்சுக்கிட்டாரு.

ஓட்டு மேல காக்கா நடக்கறது கேட்டுச்சு.
நீங்க பழக்கத்துல
அடித்தொண்டையில கத்துனீங்க,
‘மழை!’
பசங்க தூக்கிவாரிப் போட்டுச் சிரிச்சாங்க.
நீங்களும் வாயைப் பொத்திக்கிட்டீங்க.
பொறவு ரெண்டாவது வார்த்தை,
மெல்ல, பக்கத்துல இருக்கறவங்ககிட்டச் சொல்ற மாதிரி.

பிரணேசு பத்துக்கு ஏழு.
‘ழ’ வந்த மூணும் போச்சு, மழையும் சேத்து.
போகட்டும்.

எட்டு மாசமா செவுத்துக்கு இந்தப் பக்கம் நின்னேன்,
அன்னிக்குத்தான் உங்க குரலைக் கேட்டேனுங்க.
லேசா மூக்குல பேசறீங்க.
பொள்ளாச்சிப் பக்கமுங்களா?